இருபத்தேழு வருஷம் பிந்திய பியானோ

பனையடித்துறையில் மார்த்தாள் வீட்டு ஊமைப் பியானோ முதன்முதலாக ஒலித்த அன்றைக்குக் கடற்கரையில் சீலா மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. ஏலம் கூறிய கஸ்பார் ரொட்ரிகோ ஒரு நொடி நிறுத்தி, காதுக்குப் பின்னால் கையை வைத்துக் கேட்டு, மார்த்தாக்கா வீட்டுப் பெட்டி ஒருவழியாக வாயைத் திறந்துவிட்டது என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து ஏலத்தைத் தொடர்ந்தார். அந்த ஊரைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். வேறு ஊராயிருந்தால் மந்திரிக்கிறவனைக் கூப்பிட்டிருப்பார்கள், பேப்பர்காரனைக் கூப்பிட்டிருப்பார்கள், வாசலில் உண்டியல் வைத்திருப்பார்கள். இவர்களுக்கு மீன் வெயிலில் கிடக்கிறதே என்ற கவலை.

வீட்டுக்குள் பியானோவின் முன்னால் யாரும் இல்லை. மூடி மூடியபடியே இருந்தது, அதன் மேல் மடித்துவைத்த போர்வைகளும் ஒரு தகரப் பெட்டியும் இருந்தன, அத்தனைக்கும் அடியிலிருந்து ஐந்து சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி, மேலே கொஞ்சம் மூச்சு வாங்கி, ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி, இறங்கியதும் மறுபடி ஏறின, அதில் நாலாவது சுரம் மட்டும் ஒவ்வொரு தடவையும் பள்ளிக்கூடத்துக்குப் பிந்தி வருகிற பிள்ளை மாதிரி தயங்கித் தயங்கி வந்தது. நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்த மார்த்தாள் கையைக்கூடக் கழுவாமல் எழுந்து வந்து நின்றாள். அந்தத் தயக்கம் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். அது அவள் மகள் எல்வீராவின் மோதிர விரல். ஆனால் எல்வீராவுக்கு அப்போது முப்பத்தாறு வயது, அவள் மதுரைக் கோர்ட்டில் தட்டச்சு வேலையில் இருந்தாள், இதுவோ ஒன்பது வயதுப் பிள்ளையின் விரல்.

கொழும்புக்குத் தோணி ஓட்டிய தண்டல் மிக்கேல்தான் எல்வீராவின் அப்பா. அவர் ஒரு பயணத்தில் கொப்பரை மூட்டைகளுக்கு நடுவே அந்தப் பியானோவை ஏற்றிக்கொண்டு வந்து, மகளுக்கென்று சொல்லி, எட்டு ஆள் தூக்க வீட்டுக்குள் இறக்கினார். கட்டையை அழுத்தினால் கட்டை இறங்கும், உள்ளே சுத்தியல் எழும்பும், கம்பியில் படும், கம்பி அதிர்வது கண்ணுக்கே தெரியும், சத்தம் மட்டும் வராது. தூத்துக்குடியிலிருந்து ஒரு மெக்கானிக் வந்து பிரித்துப் பார்த்து, கம்பியில் காதை வைத்து, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லி, பிரித்ததைப் பூட்டிவிட்டுப் போனார். கான்வென்டில் சங்கீதம் சொல்லிக்கொடுத்த அந்தோனியா சிஸ்டரோ, சத்தம் வராவிட்டால் என்ன, படிக்க வேண்டியது விரல்தானே என்றார். சிஸ்டருக்கே காது முக்கால்வாசி போயிருந்தது. அவர் கண்ணால்தான் பாட்டுக் கேட்பார். எல்வீராவின் புறங்கையில் ஒரு கிழிஞ்சலை வைப்பார், அது விழாமல் விரல் ஓட வேண்டும். எங்கே தடுக்கினாலும் மறுபடி முதலிலிருந்து வாசிக்க வேண்டும், அது சிஸ்டரின் சட்டம். இப்படி ஒன்பது வயதிலிருந்து பத்தொன்பது வயது வரைக்கும், தினம் சாயங்காலம் ஐந்து மணிக்கு உட்கார்ந்து, கோயிலில் மூவேளை மணி அடிக்கிற ஆறு மணி வரைக்கும், எல்வீரா ஒரு சத்தமும் கேட்காமல் பியானோ படித்தாள்.

பத்து வருஷம் முடிந்து பாளையங்கோட்டைக்குப் பரீட்சைக்குப் போனாள். அங்கே இருந்தது ஒலிக்கிற பியானோ. முதல் கட்டைகளை அழுத்தினாள், சத்தம் எழுந்தது, அவள் கைகள் பிறந்ததிலிருந்து அப்படி ஒரு சத்தம் போட்டதில்லை, பரீட்சை வைக்க வந்தவர் தலையை நிமிர்த்துவதற்குள் எல்வீரா எழுந்து ஓடி, கிடைத்த பஸ்ஸில் ஏறி, வீட்டுக்கு வந்தாள், மூடியிருந்த மூடியை அதற்குப் பிறகு திறக்கவே இல்லை. அதன் மேல் போர்வைகளை வைத்ததும் அவள்தான். பிறகு டைப் படித்தாள், வேலைக்குப் போனாள், அடுத்தவர் வழக்கையும் அடுத்தவர் சாட்சியத்தையும் நாள் முழுக்கத் தட்டினாள். கோர்ட்டில் அவளைவிட வேகமான கை கிடையாது, ஏன் அப்படி என்று கேட்டால் சொல்ல மாட்டாள்.

மறுநாளும் ஐந்து மணிக்கு ஒலித்தது, அதற்கு மறுநாளும் ஒலித்தது. மார்த்தாள் பழைய பயிற்சி நோட்டைத் தேடியெடுத்துத் தூசி தட்டிப் பார்த்தால், சிஸ்டர் பச்சை மையில் தேதி போட்டு எழுதிய பாடங்கள் அதே வரிசையில், அதே தேதியில், சரியாக இருபத்தேழு வருஷம் பிந்தி வந்துகொண்டிருந்தன. ஏன் இருபத்தேழு என்று நாலைந்து நாள் பேசினார்கள். பியானோ தோணியில் வந்துவிட்டது, சத்தம் பின்னாலேயே நீந்தி வந்திருக்கிறது, நீந்தி வந்தால் நேரமாகத்தானே செய்யும் என்றார் ஒருவர். மெக்கானிக் பூட்டும்போது எதையோ மாற்றிப் பூட்டிவிட்டார் என்றார் இன்னொருவர். அதற்குள் சாளை மீன்பாடு வந்துவிட்டது, எல்லோருக்கும் வேலை வந்துவிட்டது, அந்தப் பேச்சு அத்தோடு போயிற்று.

இதை எதற்கு வைத்துக்கொள்ளலாம் என்பதில்தான் ஊர் மூளையைச் செலவழித்தது. கஸ்பார் இனி ஏலம் தினமும் சரியாக ஐந்து மணிக்குத்தான் என்று வைத்துக்கொண்டார். சுரம் ஏறும்போது கேள்வியும் ஏறலாம், உச்சியில் நிற்கும்போது யார் கேட்டதோ மீன் அவருக்கு, சுரம் இறங்கத் தொடங்கிவிட்டால் எந்தக் கொம்பன் வந்தாலும் கேட்க முடியாது. ஏலத்தில் சண்டையே நின்றுபோயிற்று. எல்வீரா ஒரு கையிலிருந்து இரண்டு கைக்கு ஏறிய மாதம் இரண்டு குவியலை ஒரே சமயத்தில் ஏலம் விட்டார்கள். கோயில் அறிவிப்புப் பலகையில், பூசை நேரத்துக்குக் கீழே, மார்த்தாள் நோட்டைப் பார்த்து அன்றன்றைய பாடத்தைச் சாக்பீசால் எழுதினாள். எல்வீரா சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்து வாசிக்காத நாட்கள் வந்தபோது வள்ளங்கள் கடலுக்குப் போகவில்லை. எல்வீராவின் பதினாலாவது வயதில் தோணி கவிழ்ந்து மிக்கேல் தண்டல் போய்ச் சேர்ந்திருந்தார், அவள் நாலு நாள் பியானோவைத் தொடவில்லை. அந்த நாலு நாளும் இருபத்தேழு வருஷம் கழித்து வந்தபோது ஊர் திரும்பவும் மார்த்தாள் வீட்டு முற்றத்தில் வந்து உட்கார்ந்து துக்கம் காத்தது, பக்கத்து வீடுகளிலிருந்து சுக்குக் காப்பி வந்தது. ஐந்தாவது நாள் இடது கை மட்டும் மெல்ல மெல்ல வந்தது. வலது கைக்கு இன்னும் மனசு வரவில்லை என்று எல்லோருக்கும் விளங்கியது, முன்பு அழாதவர்கள்கூட அன்றைக்கு அழுதார்கள்.

கடைசி ஒன்றரை வருஷம் பரீட்சைப் பாட்டு. அதுதான் ஊரையே பிடித்துக்கொண்டது. முதல் வரி வரும், இரண்டாவது வரி வரும், மூன்றாவது வரியின் நடுவில் மோதிர விரல் தடுக்கும், நிற்கும், சிஸ்டரின் சட்டப்படி மறுபடி முதலிலிருந்து தொடங்கும். தினம் கேட்டுக் கேட்டு அந்த நிறுத்தம் ஊருக்குள் நுழைந்துவிட்டது. பூசையில் நன்மை அப்பம் வாங்குகிற நேரத்துப் பாட்டில் மூன்றாவது வரி வந்ததும் கோயிலே மூச்சைப் பிடித்து நின்றது, பிறகு முதலிலிருந்து பாடியது. கல்யாண பாண்டு அங்கே நின்றது, பெண்ணும் மாப்பிள்ளையும் பீடத்துக்குப் போகிற வழியில் நின்றார்கள், வலை இழுக்கிறவர்கள் அம்பாப் பாட்டில் நின்றார்கள், வலையும் அவர்களோடு பொறுத்து நின்றது. இதைத் திருத்துகிறேன் பார் என்று தூத்துக்குடியிலிருந்து வந்த பாட்டு வாத்தியார் ஒருவர் இரண்டு மாதம் மல்லுக்கட்டி, கடைசியில் தானும் நிற்கத் தொடங்கி, வெட்கப்பட்டு ஊரைவிட்டே போனார். பாட்டு எப்படி முடியும் என்று மட்டும் யாருக்கும் தெரியாது. தாலாட்டாக முடியும் என்று பெண்கள் சொன்னார்கள். அதற்கு முடிவே கிடையாது என்று கஸ்பார் அடித்துச் சொன்னார்.

இதெல்லாம் எல்வீராவின் காதுக்குப் போகாமல் இல்லை. ஆனால் அந்தப் பத்து வருஷமும் அவள் கிறிஸ்துமஸுக்கு வந்தாலும் ஈஸ்டருக்கு வந்தாலும் மூன்று மணி பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிவிடுவாள், ஒரு தடவைகூட ஐந்து மணிக்கு அந்த ஊரில் இருந்ததில்லை. கடைசியில் கஸ்பாரே மார்த்தாளின் போனை வாங்கி எல்வீராவோடு பேசினார். நோட்டில் இன்னும் எட்டு நாள்தான் பாக்கி, நீ பரீட்சைக்குப் போன தேதி ஊருக்கே தெரியும், அதற்குப் பிறகு ஊர் என்ன செய்யும் என்று யோசித்தாயா என்று கேட்டார். எல்வீரா எட்டு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். ஊருக்காக வந்தேன் என்று பஸ்ஸிலிருந்து இறங்கும்போது சொன்னாள். அது பாதிதான் உண்மை.

முதல் நாள் ஐந்து மணிக்குப் பியானோ எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, நாற்பத்தாறு வயதில், தன் கையைத் தன் காதால் முதன்முதலாக முழுசாகக் கேட்டாள். மூடிய மூடிக்குள் ஒரு பெண் விடாப்பிடியாக மோதிக்கொண்டிருந்தாள், அவளுக்குக் களைப்பு இருந்தது, கோபம் இருந்தது, யாரும் கேட்கவில்லை என்று தெரிந்தும் விடாத பிடிவாதம் இருந்தது. மூன்றாவது வரியில் அவள் நின்றபோது முற்றமும் தெருவும் கடற்கரையும் நின்றன. ஞாயிற்றுக்கிழமை பூசையில் முந்நூறு பேர் அவள் தப்பில் மூச்சைப் பிடித்து நின்றதைப் பார்த்ததும் பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது அவளுக்கு. பூசை முடிந்து பங்குச்சாமியிடம், இதை நிறுத்தச் சொல்லுங்கள் சாமி, இது என் தப்பு என்றாள். அவர் சிரித்தார். இந்த ஊர் ஒரே இடத்தில் ஒன்றாக மூச்சு விடுகிறது, எந்தப் பிரசங்கத்தாலும் எனக்கு முடியாதது என்றார்.

ஆறாவது நாள், மார்த்தாள் பலகையில் எழுதிவிட்டுக் கையில் சாக்பீஸ் தூளோடு வந்தபோது, எல்வீராவால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"அம்மா, கடைசி நாள் நான் நிக்கல."

"எங்க நிக்கல?"

"மூணாவது வரியில. விரல் தாண்டிப் போயிட்டு. முடிவு வரைக்கும் போனேன்."

மார்த்தாள் நோட்டைப் புரட்டிப் பார்த்தாள். நோட்டில் அந்த ஒரு நாளுக்கு எதிரே ஒன்றும் எழுதியிருக்கவில்லை, சிஸ்டர் அன்றைக்கு வரவில்லை, வீட்டில் வேறு யாருமில்லை. "பொறவு ஏன்ட்டீ எழும்பி ஓடியாந்த?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி அவளிடம் இருபத்தேழு வருஷமாக இருந்தது.

"விரல் போச்சும்மா. அது பாட்டாப் போச்சா, வெறும் கட்டையில ஓடிச்சான்னு எனக்கு எப்படித் தெரியும்? பாளையங்கோட்டையில அந்தச் சத்தம் எழும்பினதும், பத்து வருஷமா நான் பியானோ வாசிக்கிற மாதிரி நடிச்சிட்டு இருந்திருக்கேன்னு பயந்து போனேன்."

அதுதான் விஷயம். அவள் தப்பு ஊருக்குத் தெரிந்தது பற்றிக்கூட அவளுக்கு அவ்வளவு வருத்தம் இல்லை. தப்பைத் தாண்டிய ஒரே ஒரு நாள் அவளிடம் இருந்தது, அது பாட்டா பாட்டில்லையா என்று தெரியாததால்தான் அவளால் தன் வாழ்நாளைச் சமாளிக்க முடிந்தது, இப்போது இரண்டு நாளில் தெரியப்போகிறது, அதுவும் ஊர் அத்தனை பேர் முன்னாலும். பாட்டில்லை என்றால் பத்து வருஷமும் விரயம். பாட்டுத்தான் என்றால் அதற்குப் பிறகு வந்த இருபத்தேழு வருஷமும் விரயம். எது வந்தாலும் தாங்க முடியாது என்று அவள் அழுதாள். மார்த்தாள் சாக்பீஸ் கையாலேயே அவள் முதுகைத் தடவினாள்.

எட்டாவது நாள் மூன்று மணி பஸ் ஹார்ன் அடித்தது. எல்வீரா பையை எடுத்துக்கொண்டு வாசல் வரைக்கும் போனாள். பஸ் இன்னொரு தடவை அடித்தது, பிறகு போய்விட்டது. அவள் பையைக் கீழே வைத்தாள்.

நாலு மணிக்கெல்லாம் ஊர் வந்துவிட்டது. வள்ளங்கள் கரையேறின, ஐஸ் கம்பெனி மெஷினை நிறுத்தினார்கள், கைக்குழந்தைகளைப் பால் கொடுத்து அடக்கினார்கள், பங்குச்சாமி ஒரு ஓரமாகப் புழுதியிலேயே உட்கார்ந்தார். ஐந்து மணிக்குப் பியானோ தொடங்கியது. ஏறியது, இறங்கியது, இரண்டு கையும் கறுப்புக் கட்டைகளில் நடந்தன, கஸ்பார் பழக்கத்தில் வாய் திறந்து, திறந்த வாயை மூடிக்கொண்டார். பிறகு பரீட்சைப் பாட்டு வந்தது. முதல் வரியில் ஊர் வழக்கம்போல் முணுமுணுத்துக் கூடவே போனது, இரண்டாவது வரியில் கூடவே போனது, மூன்றாவது வரியின் நடுவில் எண்ணூறு பேரும் ஒருசேர மூச்சைப் பிடித்து நின்றார்கள்.

பியானோ நிற்கவில்லை.

அது அவர்களை அங்கேயே விட்டுவிட்டுத் தனியாகப் போனது. யாரும் காலடி வைத்திராத இடத்துக்குள் போனது. மோதிர விரல் தயங்காமல், அவசரப்படாமல், எத்தனையோ காலமாகப் பூட்டிக் கிடந்த அறையை வீட்டுக்காரி வந்து திறக்கிற மாதிரி அந்தக் கட்டையைத் தொட்டுத் திறந்தது, அதற்குப் பின்னால் இன்னும் நாலு வரி இருந்தது, அந்த நாலு வரியும் அவர்கள் நினைத்த தாலாட்டும் இல்லை, ஒப்பாரியும் இல்லை, முதல் வரியே வளர்ந்து ஆளாகி இடது கைக்கு இறங்கி வந்து நிதானமாகப் பேசியது, வலது கை மேலே தனியாக, யாருக்கும் பயப்படாமல் நடந்தது, கடைசியில் இரண்டு கையும் ஒன்றாக வந்து ஒரே இடத்தில் அமர்ந்தன. காற்றில் அது கரைகிற வரைக்கும் எண்ணூறு பேரும் பிடித்த மூச்சை விடவில்லை. பிடித்தது ஒரு தப்புக்காக. விட்டது எதற்காக என்று அவர்களில் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது.

உள்ளே இருந்த பத்தொன்பது வயதுக்காரி அதை இன்னொரு தடவை முழுக்க வாசித்தாள். பிறகு மூவேளை மணி அடித்தது, மூடி இறங்குகிற சத்தம் கேட்டது, அவ்வளவுதான்.

எல்வீரா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மார்த்தாள் அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, "பாட்டுதான்டீ" என்றாள். "பாட்டேதான்."

அன்றைக்கு மீனை ஏலம் போடவில்லை, ஆளுக்குக் கொஞ்சமாக அள்ளிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் ஐந்து மணிக்கு ஒன்றும் ஒலிக்கவில்லை. ஒலிக்காது என்று எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் வந்து நின்றார்கள், கோயிலுக்கு வந்தவர்கள் போல. எல்வீரா தகரப் பெட்டியை இறக்கினாள், போர்வைகளை இறக்கினாள், மூடியைத் தூக்கினாள். டைப் அடித்து அடித்து விரல்கள் இறுகியிருந்தன. கட்டைகள் இறங்கி எழும்பின, கட்டைச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் வரவில்லை. இது ஒலிப்பதற்கு இன்னும் இருபத்தேழு வருஷம் ஆகும், அதுவரைக்கும் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று அவள் கஸ்பாரைக் கேட்டாள். நீ வாசித்த காலத்தில் எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லையே, அப்போது நாங்கள் இல்லையா, மீன் விற்கவில்லையா, அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார் அவர். லீவு முடிந்துவிட்டதால் இனி சனி ஞாயிறுதான் வர முடியும் என்று அவள் சொன்னபோதுதான் கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. அப்படியானால் இருபத்தேழு வருஷம் கழித்து வாரத்தில் ஐந்து நாள் பெட்டி ஒலிக்காதே, எங்கள் பேரப்பிள்ளைகள் கடலுக்குப் போக மாட்டார்களே, அதுகள் பட்டினி கிடக்கவா என்று பெண்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். இன்னும் பிறக்காத பிள்ளைகளுக்காக அவர்கள் போட்ட சத்தத்தில் எல்வீராவுக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்துக் கோர்ட்டுக்கு மாற்றல் கேட்டு அடுத்த வாரம் மனு எழுதினாள். அடுத்தவர் மனுக்களை ஆயிரக்கணக்கில் தட்டியவள், தனக்கென்று எழுதிய முதல் மனு அது.

ஆனால் அது பிறகு. அன்றைக்கு ஆறு மணிக்கு ஊர் கலைந்து போன பின்னால், மார்த்தாள் நாற்காலியை மகள் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஒரு மணி நேரமா என்னத்த வாசிச்ச?"

"முதல்லருந்தும்மா. அஞ்சு விரல். ஏறி எறங்குறது."

மார்த்தாள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். அவளுக்கு எழுபத்திரண்டு வயது முடிந்திருந்தது.

"எனக்குத் தொண்ணூத்தொன்பது ஆயிரும்" என்றாள். "நா எங்க இருப்பேன். அவுக அவுகளுக்கு வரும்போது கேட்டுக்கிடட்டும். எனக்கு இப்ப வாயால பாடு."

எல்வீரா யார் முன்னாலும் வாய் திறந்து பாடியதில்லை, கோயிலில்கூட உதட்டை மட்டும் அசைப்பாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். ஐந்து சுரம் ஏறினாள், ஐந்து சுரம் இறங்கினாள். குரல் கரகரத்தது, நடுவில் உடைந்தது, அவள் நிறுத்தவில்லை.

மார்த்தாள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"இன்னொரு தடவ" என்றாள்.